பேருள்ள கோச்சியில் செங்கலடிக்கு

"எந்தக் கோச்சில வாறாய் மனே?" என்று பெரியம்மா தொலைபேசியில் கேட்டா.

"உதயதேவி."

"பேரச் சொல்லாத. பகல் கோச்சியா, ராக் கோச்சியா?"

பகல் கோச்சி என்றதும் அவவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மத்தியானச் சோற்றுக்கு நான் வரமாட்டேன், பின்னேரத் தேத்தண்ணிக்குத்தான் வருவேன். ராக் கோச்சி என்றால் கோழி கூவ முன்னம் எழும்பி அடுப்பு மூட்டவேண்டும். செங்கலடியில் ஒரு ரயில் எந்த வகை என்ற கேள்வி அடுப்படி வரைக்கும் போகிறது.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடும் வண்டிகளில் மூன்று பெயர்கள் அடிபடும். பகலில் உதயதேவி, நகர்சேர் கடுகதியான புலதிசி, இரவில் மீனகயா. புலதிசி பொலன்னறுவையின் பழம்பெயரிலிருந்து வந்தது. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்ற கதையைச் சிங்களத்தில் சுருக்கினால் மீனகயா. உதயதேவிக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். வாவிக்குக் கிழக்கே உள்ள நிலத்தை எழுவான்கரை என்றும் மேற்கே உள்ளதைப் படுவான்கரை என்றும் சூரியனை வைத்துப் பிரித்த ஊர்க்காரருக்கு, உதயத்தின் பெயரில் ஒரு ரயில் வருவது புதிதுமல்ல. ஆனால் பெரியம்மா இந்த மூன்று பெயரில் ஒன்றையும் வாயில் எடுத்து நான் கேட்டதில்லை.

2025 ஆடி மாதம், கச்சான் காற்று அடிக்கும் நாட்களில், விடியற்காலை கோட்டை ஸ்டேசனில் நின்றேன். பலகையில் மூன்று மொழி. தமிழில் 'புகையிரதம்' என்று இருக்கிறது. நீராவி எஞ்சின் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் திணைக்களம் அந்தப் புகையை விடவில்லை. அந்தச் சொல்லை நான் பார்த்ததெல்லாம் பலகையிலும் கடிதத் தலைப்பிலும்தான். ஊரில் கோச்சி, கொழும்பில் ரயில், அவ்வளவுதான். டிக்கட்டில் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று ஒரு பிரிப்பு. கடுகதியா, நகர்சேரா, தபால் வண்டியா, மெதுவண்டியா என்று இன்னொன்று. அதற்கு மேலே பெயர். எஞ்சினுக்கும் பெட்டித் தொடருக்கும் எம், எஸ் என்று தொடங்கும் இலக்கங்கள் தனி. அவை பணிமனைக்காரருக்கும், தண்டவாளத்தோரம் கமராவோடு நிற்கும் பொடியன்களுக்கும் உரியவை.

ரயிலுக்குப் பெயர் வைக்கும் வழக்கத்தை இங்கே பேசினால் ராம்பால என்ற மனிதரைத் தாண்டிப் போகமுடியாது. இலங்கை ரயிலின் தலைமை இயந்திரப் பொறியியலாளர் நாற்காலியில் அமர்ந்த முதல் உள்ளூர்க்காரர் பி. டி. ராம்பால. 1955இல் பொது முகாமையாளர் ஆனார். நீராவியிலிருந்து டீசலுக்கு மாறிய காலம் அது. நீண்டதூரக் கடுகதிகளுக்கு இலக்கத்தோடு பெயரும் சேர்ந்தது அவருடைய நாட்களில்தான். 1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதே வருசம் ஜூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. இரண்டு மொழிக்காரரும் நாக்குத் தடுமாறாமல் சொல்லக்கூடிய ஒரு பெயரை ரயிலுக்கு வைத்த அரசுதான், இரண்டே மாதத்தில் ஒரு மொழியைக் கந்தோருக்கு வெளியே நிறுத்தியது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பெயர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வடக்குக்கும் கிழக்குக்கும் தேவி. மலைநாட்டுக்கு மெனிகே: உடரட்ட மெனிகே, பொடி மெனிகே. தெற்குக்குக் குமாரி: ருகுணு குமாரி, காலு குமாரி. அனுராதபுரப் பக்கம் போனால் ரஜரட்ட ரெஜினி. பெயரைக் கேட்டதுமே எந்தத் திசை, எந்த நாடு என்று தெரிந்துவிடும். ஒரு அரசாங்கத் திணைக்களம் செய்த வேலை இது. நான் பார்த்த பல மெட்ரோக்களின் நிறப் பெயர்களை விட இது எவ்வளவோ கெட்டித்தனம் என்பேன். நீலத்தைக் கேட்டு எந்த ஊரை நினைப்பது?

உதயதேவி கோட்டையை விட்டு நகர்ந்து மருதானை தாண்டும்போது, எதிர்த்திசையில் கொழும்பு உள்ளே வந்துகொண்டிருந்தது. ராகமையிலும் கம்பஹாவிலும் எதிர் மேடையில் சனம் கதவுக் கம்பியில் தொங்கியது. கால் மட்டும் வண்டிக்குள், மீதி உடம்பு வெளியே. இவைதான் 'ஒபிஸ் ட்ரெயின்'. பொல்கஹவெல, வேயாங்கொடைப் பக்கத்திலிருந்தும், நீர்கொழும்பு, பாணந்துறை, அவிசாவளைப் பக்கத்திலிருந்தும் தினமும் கொழும்பைத் தூக்கி நிறுத்துபவை இந்த வண்டிகள். உண்மையில் இலங்கையின் நகர ரயில் இதுதான். ஆனால் அதற்கு நகர ரயில் என்று ஒரு பெயர் இல்லை, நிறமில்லை, சின்னமில்லை. சீசன் வைத்திருப்பவர்கள் நேரத்தைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். "ஆறு நாப்பது போயிட்டுதா?" என்று கேட்பார்கள். சமுத்திர தேவி மாதிரி காலியிலிருந்து வரும் ஒன்றிரண்டுக்குத்தான் தேவிப் பட்டம் கிடைத்தது. மற்றவை எல்லாம் மணிக்கூட்டின் பிள்ளைகள்.

ஒரு காலத்தில் பெயர் மட்டும் வந்து ரயில் வராமல் போன கதையும் கொழும்புக்கு உண்டு. கோட்டையிலிருந்து மாலபே வரை 16 நிலையங்களோடு இலகு ரயில் என்று திட்டம் போட்டார்கள். 2019இல் ஜப்பானின் ஜைக்காவோடு கடன் ஒப்பந்தம். 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அதை நிறுத்தியது. வரைபடத்தில் நிலையங்களுக்கு இடம் குறித்தாகிவிட்டது, நிறமும் தீட்டியாகிவிட்டது. ஆறு நாப்பதுக்கு நிறமில்லை. ஆனால் அது ஓடுகிறது.

என் எதிர் இருக்கையில் ஏறாவூர்க் காக்கா ஒருவர். புறக்கோட்டையில் துணி எடுத்துக்கொண்டு திரும்புகிறார். மூன்று பெரிய பொதிகளை எங்கள் இருவரின் காலுக்கடியிலும் அடைத்துவிட்டு, "தம்பி, கால நீட்டாதீங்க, சாறன் இரிக்கி" என்று உரிமையோடு சொன்னார். அவரிடமும் ஒரு வகைப்பாடு இருந்தது. பொதி ஏத்துற கோச்சி, பொதி ஏத்த ஏலாத கோச்சி. உதயதேவி முதல் வகை. ஏசி பூட்டிய புலதிசி இரண்டாவது.

பொல்கஹவெலையில் மலைநாட்டுப் பாதை பிரிந்து போகும். மாகோவில் யாழ்ப்பாணப் பாதை பிரியும். மாகோவிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம். கல்லோயாவில் திருகோணமலைக் கிளை விலகும். திருகோணமலைக்கு 1927இலும் மட்டக்களப்புக்கு 1928இலும் ரயில் வந்தது. நூறு வருசம் ஆகப்போகிறது, தண்டவாளம் இன்னும் ஒன்றுதான். சின்ன ஸ்டேசன்களில் மேடைக்காரர் பிரம்பு வளையம் ஒன்றை நீட்ட, எஞ்சின்காரர் வாங்கிக்கொள்வார். வளையத்தில் உள்ள பையில் உலோக வில்லை. அது கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேசன் வரையுள்ள துண்டுக்குள் போகலாம். இரண்டு வண்டி ஒரே துண்டில் முகத்தோடு முகம் மோதாமல் இருப்பது அந்த வில்லையால்.

இங்கேதான் வகை என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் தெரியும். இரட்டைப் பாதையில் கடுகதி என்றால் வேகம். ஒற்றைப் பாதையில் கடுகதி என்றால், மற்றவன் ஒதுங்கி நிற்பான் என்று பொருள். யார் ஒதுங்குபாதையில் நிற்பது, யார் நேரே போவது என்பதை நேரசூசி எழுதுபவர்தான் தீர்மானிக்கிறார். பயணியின் கையில் உள்ள நேரம் அங்கேதான் பங்கிடப்படுகிறது.

அன்றைக்கு அந்தப் பங்கீடும் தலைகீழாயிற்று. ஒரு சிறு ஸ்டேசனில் உதயதேவி நின்றது. பத்து நிமிசம், இருபது நிமிசம். கச்சான் மண்ணை வாரி ஜன்னலுக்குள் எறிந்தது. எதிரே வருகிறவன் ஏற்கெனவே துண்டுக்குள் நுழைந்துவிட்டானாம். கடைசியில் ஆடி அசைந்து வந்தது ஓர் எண்ணெய் வண்டி. கறுத்த தாங்கிகள், பெயரும் இல்லை ஒன்றும் இல்லை.

காக்கா சிரித்தார். "அவனுக்குப் பேரில்ல தம்பி. ஆனா எண்ணெய் இரிக்கே."

அந்த இருபது நிமிசத்தில் எனக்குச் சென்னை ஞாபகம் வந்தது. வேளச்சேரியில் ஆறு வருசம் இருந்தவன் நான். போன புதிதில் நண்பன், "பார்க்ல இறங்கி வா" என்றான். நான் பார்க் டவுனில் இறங்கினேன். பூங்கா ஒரு நிலையம், பூங்கா நகர் இன்னொன்று. ஒன்று தாம்பரம் மின்ரயிலுக்கு, மற்றது பறக்கும் ரயிலுக்கு. சாலைக்கு அந்தப் பக்கம் நீண்டதூர ரயில்களின் சென்ட்ரல். அதன் இடுப்பில் அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்ரயில்களுக்கு மூர் மார்க்கெட் வளாகம். எல்லாவற்றுக்கும் அடியில் மெட்ரோவின் சென்ட்ரல். கூப்பிடு தூரத்துக்குள் ஐந்து நிலையங்கள். அன்றைக்கு நண்பனும் நானும் ஒருவரை ஒருவர் முக்கால் மணி நேரம் தேடினோம்.

அந்த நகரத்தில் ரயில் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பெயரில் வந்தது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில். சென்னைக்காரர் இன்றைக்கும் அதை 'எலெக்ட்ரிக் ட்ரெயின்' என்கிறார்கள், மற்றதெல்லாம் விறகில் ஓடுவது போல. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கு எம்ஆர்டிஎஸ் வந்தது. விரைவுப் போக்குவரத்து என்று அரசாங்கம் நீட்டி முழக்கியதைச் சனம் இரண்டு சொல்லில் பறக்கும் ரயில் ஆக்கியது. அது 2007இல் வேளச்சேரிக்கு வந்து சேர்ந்தது. தூணுக்கு மேலே ஓடுகிறது என்பதைத் தவிர அதற்கும் தாம்பரம் ரயிலுக்கும் வண்டியில் வித்தியாசமில்லை. நான் அங்கே இருந்த காலத்தில் இரண்டையும் ஓட்டியது தெற்கு ரயில்வேதான். 2015இல் மெட்ரோ. அது மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்த தனிக் கம்பனி. தண்டவாள அகலமும் வேறு, ஆகவே ஒன்றின் வண்டி மற்றதில் ஏறவே முடியாது. கிண்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அப்போதெல்லாம் வெளியே வந்து, இறங்கி, ஏறி, மறுபடி டிக்கட். பயணிக்கு அது ஒரே பயணம். கணக்குப் புத்தகத்துக்கு இரண்டு.

இதைச் சரிக்கட்டத்தான் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் ஒன்றுக்கு 2010இல் சட்டம் போட்டார்கள். அது நடைமுறைக்கு வர இன்னும் ஒன்பது வருசம் எடுத்தது. ஆனால் பெயர் மாற்றுவது மட்டும் ஒரே நாளில் நடந்தது. 2020 ஜூலை கடைசியில் ஆலந்தூர் மெட்ரோ நிலையம் அறிஞர் அண்ணா ஆலந்தூர் ஆயிற்று. சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர் பெயர், கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கான நிலையத்துக்கு ஜெயலலிதா பெயர். இறங்குகிறவர் இன்னும் ஆலந்தூரில்தான் இறங்குகிறார்.

பாரிஸில் இதைவிடப் பெரிய கூத்து. அங்கே லா சப்பல் என்றால் நம்மவர் கடைத்தெரு. அதன் அருகே கார் து நோர் நிலையம். விமான நிலையத்திலிருந்து வரும் புறநகர் விரைவு ரயிலின் பி பாதை, நம்மவர் பலர் குடியிருக்கும் லா கூர்நேவைத் தொட்டுக்கொண்டு அங்கே வரும். சனத்துக்கு அது ஒரே பாதை, ஒரே நிறம், ஒரே எழுத்து. ஆனால் வடக்குப் பாதி தேசிய ரயில் நிறுவனத்துடையது, தெற்குப் பாதி நகரப் போக்குவரத்து நிறுவனத்துடையது. 2009 வரை கார் து நோரில் வண்டி நிற்க, ஒரு நிறுவனத்தின் ஓட்டுநர் இறங்கிப் போக, மற்ற நிறுவனத்தின் ஓட்டுநர் ஏறுவார். பெட்டிக்குள் இருந்தவர்களுக்குத் தெரிந்தது தாமதம் மட்டும்தான்.

இலங்கையில் அந்தத் தொல்லை இல்லை. தண்டவாளம், வண்டி, டிக்கட், வளையம் எல்லாம் ஒரே திணைக்களத்தின் கையில். அப்படியிருந்தும் கம்பஹாக்காரர் கதவில்தான் தொங்குகிறார். ஆகவே நிர்வாகம் ஒன்றானால் எல்லாம் நேராகிவிடும் என்று மேடையில் பேசுபவர்களை நான் நம்புவதில்லை. யாருடைய காலை நேரம் பெறுமதி என்று அந்த நிர்வாகம் கருதுகிறது என்பதுதான் கேள்வி.

கல்லோயா தாண்டினால் காடு. 2025 பெப்ரவரி 20 அதிகாலை மீனகயா இந்தப் பக்கத்தில் ஒரு யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. ஆறு யானைகள் செத்தன. அதற்குப் பிறகு இரவு வண்டிகளின் நேரத்தை மாற்றினார்கள், காட்டுப் பகுதியில் வேகத்தையும் குறைத்தார்கள். பகல் வண்டியும் அங்கே பதுங்கித்தான் போனது. பெட்டியில் இருந்த பிள்ளைகள் யானை பார்க்க ஜன்னலில் ஏறினார்கள். யானை வரவில்லை. வடைக்காரர் வந்தார்.

மனம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும் இரும்புப் பாலத்தில் ஒரு காலத்தில் ரயிலும் பஸ்ஸும் முறை வைத்துப் போயின. ஓட்டமாவடியிலும் அப்படித்தான். இப்போது வாகனங்களுக்குத் தனிப் பாலங்கள். வெலிக்கந்தை, புனானை. இந்தத் துண்டில்தான் போர்க்காலத்தில் ரயில் ஊருக்கு வராமல் முன்னாலேயே நின்றுவிடும். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் மட்டக்களப்பு வரை மறுபடி ஓடியது. அந்த வருசங்களில் உதயதேவி என்ற பெயர் அதிகாரிகளின் வாயில் இருந்தது, தண்டவாளம் புல்லுக்குள் இருந்தது.

வாழைச்சேனையில் மீன் வாசம் ஏறியது. பிறகு கல்குடா, தென்னந்தோப்பு, வெட்டை, வெள்ளாமை வெட்டிய வயலில் மாடுகள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். காக்கா பொதிகளை வாசலுக்கு இழுக்கத் தொடங்கினார். நானும் ஒன்றைப் பிடித்தேன். ஏறாவூரில் வண்டி நிற்கும் நேரத்துக்குள் மூன்று பொதியையும் இறக்குவது ஒரு தனிக் கலை. கடைசிப் பொதியோடு நானும் இறங்க, கோச்சி நகர்ந்தது. "பாத்தீங்களா, பொதி ஏத்துற கோச்சி" என்றார் வெற்றியோடு.

ஏறாவூரிலிருந்து செங்கலடிக்கு ஓட்டோவில் சில நிமிசம். சந்தியில் இரண்டு வீதிகள் சந்திக்கின்றன. ஒன்று மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15. மற்றது ஏ5. அது பேராதனையில் தொடங்கி நுவரெலியா ஏறி, பதுளை இறங்கி, பிபிலை, மகாஓயா வழியாக வந்து இந்தச் சந்தியில் முடிகிறது. வரைபடத்தில் அதற்கு ஒற்றை இலக்க மரியாதை. ஊரில் அது பதுளை றோட்டு. அந்த றோட்டில் கொஞ்சம் போனால் கறுப்புப் பாலம். போர்க்காலத்தில் அதற்கு இந்தப் பக்கம் 'விடுவிக்கப்பட்ட' பகுதி, அந்தப் பக்கம் 'விடுவிக்கப்படாத' பகுதி என்று கொழும்பு வகைப்படுத்தி வைத்திருந்தது. பாலத்தில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற சனத்திடம் அதற்கு வேறு சொல் இருந்தது: இஞ்சால, அங்கால.

பெரியம்மா சொன்னபடி தேத்தண்ணி தயார். கூடவே ஒரு சட்டி எருமைத் தயிர். மச்சாள் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறா. தினமும் பஸ். வீட்டுக்கு அருகால் தண்டவாளம் போகிறதே, அதில் போகலாமே என்றேன்.

"எந்தக் கோச்சில? கொழும்புக்குப் போற கோச்சில ஏறி வந்தாறுமூலையில குதிக்கச் சொல்றியா?" என்றா.

அவ கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, வாழைச்சேனை வரை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். ஊர் விட்டு ஊர் இடைவெளியில்லாமல் சனம். நடுவில் ஒரு பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரிகள், சந்தைகள், பள்ளிக்கூடங்கள். போட்ட தண்டவாளம் வெயிலில் காய்கிறது. இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு ஒட்டித் தண்டவாளத்தில் விட்ட ரெயில்பஸ் என்ற வண்டியைக் கிழக்குப் பாதையும் கண்டிருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். காலையில் மூன்று தரம், பின்னேரம் மூன்று தரம் அப்படி ஒரு வண்டி மட்டக்களப்புக்கும் வாழைச்சேனைக்கும் இடையே ஓடினால், வாவிக்கரையின் நகர ரயில் அதுதான். தூண் வேண்டாம், சுரங்கம் வேண்டாம், ஜப்பான் கடன் வேண்டாம். ஒதுங்குபாதையில் அதை எண்ணெய் வண்டிக்காக நிறுத்தி வைக்காமல் இருக்க ஒருவர் நேரசூசியில் மனம் வைக்கவேண்டும். தேவி என்றோ குமாரி என்றோ பட்டம் கட்டவேண்டாம். "ஏழேகால்" என்று மச்சாள் சொன்னால் ஊருக்கே விளங்கும்.

திணைக்களத்தில் நேரசூசி எழுதும் ஐயாமார் யாராவது இதை வாசித்தால், ஒரு நாள் காலை ஏழு மணிக்குச் செங்கலடிச் சந்தியில் நின்று பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கொழும்பிலிருந்து வருவதென்றால் கவுண்டரில் ஏறாவூருக்கு டிக்கட் கேளுங்கள். செங்கலடி என்று கேட்டால் முழிப்பார்கள்.